இரண்டு கண்ணும் பத்திரம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
6-9-2005

அன்பு மகன் கோகுலுக்கு, உன் சித்தப்பா நமச்சிவாயம் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நான், உன் சித்தி மங்கையர்க்கரசி, வாசலில் புதிதாக வந்து சேர்ந்த பூனை, எல்லாரும் ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே புனேயில் நீயும் உன் மாத்திரை டப்பாவும் அதேபோல் இருக்கிறீர்களா என்று உடனே எழுது. நாளைக்குப் பிள்ளையார் சதுர்த்தி, உங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு பந்தல் போட்டுக் கொட்டடிப்பார்களாமே, பார்த்துவிட்டு எழுது, ஆனால் கூட்டத்தில் நசுங்காதே.

முதலில் முக்கியமான சேதி. போன வாரம் போனில் அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடாதே என்று சொன்னேன் அல்லவா, அது தப்பு. நான் சொல்லித் தப்பாகப் போனது என் ஆயுசில் இது இரண்டாவது தடவை, முதல் தடவை எது என்று ஞாபகமில்லை. நீ எழுதிய கடிதம் வந்ததும் நானேதான் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தேன். இப்போது சாப்பிடுகிற மருந்து எச்.ஐ.வி. கிருமியிடம் எடுபடவில்லை, புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள், என்னையும் சேரச் சொல்கிறார்கள், பதினாறாம் தேதிக்குள் சொல்ல வேண்டும், ஃபாரம் இங்கிலீஷிலும் மராத்தியிலும் இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று எழுதி, புரியாத வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் வரிசையாக எழுதியிருந்தாய். நான் எட்டாவது வரை படித்தவன், எட்டாவதிலேயே மூன்று வருஷம் இருந்ததால் கணக்குப்படி பத்தாவது. அகராதியைப் பிரித்தேன். டபுள் என்றால் இரண்டு, பிளைண்ட் என்றால் குருடு. ஆர்ம் என்றால் கை, அதிலும் இரண்டு ஆர்ம் என்று போட்டிருக்கிறது. மருந்தைச் சாப்பிட்டால் இரண்டு கண்ணும் போய்விடும், கைகளுக்கும் ஏதோ ஆகும் என்று சித்திக்கு விளக்கிச் சொன்னேன்.  அவள் உடனே, அம்மனுக்கு வெள்ளியில கண்மலர் வாங்கி சாத்தணும், இந்த ஊர்ல ஒரு நாயனாருக்கே சாமி ஒத்தக் கண்ணத்தான் திருப்பிக் குடுத்தாரு, நம்ம புள்ளைக்கு ரெண்டும் வேணும், கொஞ்சம் பெரிசா பாத்து வாங்கினு வாய்யா என்றாள். வாங்கி வந்தேன், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், கடைத்தெருவே நின்று பார்த்தது. அதற்குப் பிறகுதான் முனுசாமி பூத்திலிருந்து உனக்குப் போன் போட்டது. அவன் காதை முறம் மாதிரி விரித்துக்கொண்டு பக்கத்திலேயே இருப்பான், வியாதி பேரைச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் அந்தப் பேப்பர், அந்தப் பேப்பர் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். நீ சரி சித்தப்பா என்று சொன்னாய் பார், அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. கிணற்றில் வாளி விழுந்த மாதிரி இருந்தது. மறுநாள் காலை தறியில் உட்காரவில்லை, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே இந்த வியாதிக்கென்று வைத்திருக்கிற நம்பிக்கை மையத்தில் ஆலோசனை சொல்கிற மேரி என்ற பெண், நல்ல பொறுமைசாலி. பக்கத்துக் கிராமம் கூரத்தில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான், அவனுக்காகக் கேட்கிறேன் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கூரத்துப் பையன் கதைய சொல்லும்போது உங்க கண்ணுல ஏன் பெரியவரே தண்ணி வருது என்றாள். தறிக்கூடத்துத் தூசி என்றேன். ஒத்துக்கொண்டாள். அவளிடம் நான் முதலில் கேட்டது சி.டி. 4 கவுண்ட். நமக்குக் கவுண்ட் என்றால் நூல் நம்பர்தானே, நம்பர் ஏற ஏற நூல் மெலியும், நம்பர் இறங்கினால் நூல் கனக்கும். சித்திரையில் நீ, முந்நூற்றுப் பத்திலிருந்து நூற்று எழுபதுக்கு வந்துவிட்டது என்று எழுதினாயே, பிள்ளை உடம்பு கனத்துவிட்டது, தேறிவிட்டான் என்று சித்தியைப் பாயசம் வைக்கச் சொல்லி இரண்டு டம்ளர் குடித்தவன் நான். மேரி சொன்ன பிறகுதான் தெரிகிறது, அது நூல் கணக்கு இல்லை, உடம்பில் காவலுக்கு நிற்கிற அணுக்களின் தலைக்கணக்கு, அது ஏறத்தான் வேண்டும், இறங்கக் கூடாது. வைரல் லோடு என்பது ரத்தத்தில் கிருமி எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது, அதுதான் இறங்க வேண்டும். உனக்கு இரண்டும் தலைகீழாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது, நாங்கள் இங்கே முந்திரிப் பருப்பு போட்டுக் குடித்திருக்கிறோம். அதை நினைத்தால் அந்தப் பாயசம் இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லையப்பா.

சரி, கண் விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை அவர்கள் கூட்டம் போடுவார்கள், நீங்களும் வாங்க பெரியவரே என்றாள், போனேன். இதே வியாதியோடு இருக்கிறவர்கள் பதினோரு பேர், உன்னைப் போல் வேலைக்குப் போய்க்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டு நன்றாகவே இருக்கிறார்கள். மேரி ரேண்டமைஸ் என்பதை விளக்கினாள், யாருக்கு எந்த மருந்து என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும் என்றாள். ஒரு அம்மா எழுந்து, அதெல்லாம் சும்மாமா, டாக்டருக்கு வேண்டியவங்களுக்கு நல்ல மருந்து, நமக்கு மிச்சம் மீதி என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள்.  அப்போது நான் எழுந்தேன். ஏம்மா, பொண்ணு பாத்தா பூ கட்டிப் பாக்குறோமே, அது எப்படி, செவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளப் பூ ஒரு பொட்டலம், ரெண்டும் ஒரே மாதிரி மடிச்சி சாமி முன்னால போடுறோம், எடுக்குற புள்ளைக்கும் தெரியாது, எடுத்துக் குடுக்குற குருக்களுக்கும் தெரியாது, தெரிஞ்சா அவரு ஒரு பக்கம் சாய்ஞ்சிடுவாருல்ல, அந்த மாதிரிதான் இது, சாப்பிடுறவனுக்கும் தெரியாது, குடுக்குற டாக்டருக்கும் தெரியாது, கட்டுனவன் மட்டும் எழுதி சீல் வெச்சி பெட்டியில பூட்டி வெச்சிருப்பான் என்று சொன்னேன்.  டபுள் பிளைண்ட் என்றால் இவ்வளவுதான், கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆர்ம் என்பதும் கை இல்லை, சிவப்புப் பொட்டலக்காரர்கள் ஒரு ஆர்ம், வெள்ளைப் பொட்டலக்காரர்கள் ஒரு ஆர்ம். மேரி நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள், ஒரு டாக்டர்கூட வாசலில் நின்று கேட்டார், நிற்காவிட்டாலும் அவர் காதுக்குப் போயிருக்கும்.

பிளாசிபோ என்பது மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, பார்த்தால் அசல் மாதிரியே இருக்கும். நான் டூப்ளிகேட் ஜரிகையைக் கடித்துப் பார்த்தே சொல்லிவிடுகிறவன், ஒரு கடி கடித்தால் தெரியாதா என்றேன். உங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தான் பெரியவரே இத்தன கட்டுக்காவல் என்றாள் மேரி, பதினோரு பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் ஒன்று அழுத்திச் சொன்னாள், இந்த வியாதியில் வெறும் வெற்று மாத்திரையை மட்டும் கொடுத்து யாரையும் விட்டுவிடக் கூடாது, வேலை செய்கிற மற்ற மருந்துகளோடு சேர்த்துத்தான் ஒருவருக்குப் புதியது, ஒருவருக்கு வெற்று, உன் ஃபாரத்தில் அப்படித்தான் இருக்கிறதா என்று டாக்டரிடம் வாயைத் திறந்து கேள். வாந்தி, தலைசுற்றல், தோலில் தடிப்பு என்று பக்க விளைவுகள் என்னென்ன வரலாம், வந்தால் யார் பார்ப்பார்கள், சோதனை முடிந்த பிறகும் மருந்து கிடைக்குமா, அதையும் கேள். உனக்குத் தெரிந்த பாஷையில் விளக்க வேண்டியது அவர்கள் கடமையாம், தமிழ் தெரிந்த நர்ஸ் யாராவது இருப்பார்கள், கூப்பிடச் சொல். சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்றால் என்றைக்கு வேண்டுமானாலும் விலகி வரலாம், அதற்காக உன் வழக்கமான வைத்தியத்தை நிறுத்த மாட்டார்கள், நிறுத்தவும் கூடாது.

கடைசியாக, எனக்கு வழக்கமான புத்தி வந்து, பேசாம நானே இங்க பூ கட்டிப் பாத்துட்டு போடு இல்ல போடாதன்னு சொல்லிடுறேன் என்றேன். மேரி முகம் மாறிவிட்டது. எந்த மருந்துன்னு பூ சொல்லட்டும் பெரியவரே, சேர்றதா வேணாமான்னு அவருதான் சொல்லணும், அது அவரு உடம்பு என்றாள். உன் விஷயத்தில், நீ எங்களிடம் வந்து சேர்ந்த பத்து வயதிலிருந்து எல்லாவற்றையும் நானே தீர்மானித்துப் பழகிவிட்டேன், பள்ளிக்கூடம், சட்டைத் துணி, புனே வேலை வரைக்கும். இதில் மட்டும் போடு என்றும் சொல்ல மாட்டேன், போடாதே என்றும் சொல்ல மாட்டேன். போன வாரம் சொன்னதை நானே அழித்துவிட்டேன், நீ கேட்டுத் தெரிந்துகொண்டு உன் மனதுக்குப் பட்டதைச் செய்.

சித்தி உனக்கு நூறு வயது என்று ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், கண்மலரையும் சாத்திவிட்டாள், தேவையில்லை என்று சொன்னேன், இருக்கட்டும், சாமிக்கு வாங்கினத திருப்பிக்கினு போவாங்களா என்றாள். எது தீர்மானித்தாலும் டாக்டர் சொல்லாமல் ஒரு வேளை மாத்திரைகூட விடாதே, விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமிக்கு மருந்து பழகிவிடுமாம். இன்னொன்று மேரி சொன்னாள், சேருகிறவர்களுடைய ஃபாரத்தில் அவசரமென்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்குமாம், வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று நிறையப் பேர் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்களாம். நீ விடாதே. கா. நமச்சிவாயம் என்று முழுசாக எழுது, முனுசாமி பூத்து நம்பரைக் கொடு, அவன் கேட்டால் கேட்டுக்கொண்டு போகட்டும். உறவு என்ற இடத்தில் அங்கிள் என்று எழுதாதே, அந்த ஊரில் பால்காரனையும் அங்கிள் என்றுதான் சொல்வார்கள். சித்தப்பா என்றே எழுது, அவர்களுக்குப் புரியாவிட்டால் விளக்கிச் சொல், அவர்களும் ஒரு வார்த்தை தெரிந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
கா. நமச்சிவாயம்