உன் கைராசியும் என் வயிற்றெரிச்சலும்

மச்சான்,

வீட்டுக் கொத்தமல்லி தீர்ந்துவிட்டதால் கடையில் வாங்கியதைக் காலையில் என் வீட்டுக்காரி குழம்புத்தூளுக்கு வறுத்தாள். வாசனை வாசல் வரைக்கும் வந்தது. நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "எங்க அண்ணன் கைபட்ட மல்லின்னா தெருவே தும்மும். இது வைக்கோல வறுத்த மாதிரி இருக்கு" என்று சலித்துக்கொண்டாள். அண்ணன் என்றது உன்னைத்தான். கூடப் பிறந்தவர்களைப் பற்றி ஒருநாளும் இப்படிப் பேசியவள் இல்லை.

நீ ஆடியில் போனாய். இப்போது தை. என் வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதைச் சொல்லத்தான் இந்த மடல். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. மூன்றாம் வகுப்பைவிட்டு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ஓடிவந்தோம்.

நம் கரிசலில் ஐப்பசி மழை விழுந்து மண் பதமானதும் மல்லி விதைப்போம். முதல் பிடியை மட்டும் ராசியான கை போட வேண்டும், மிச்சத்தை யார் போட்டாலும் சரி. அந்த ராசியான கை எப்படியோ உன்னுடையது என்று ஆகிவிட்டது. நீ தொட்ட ஒரு காடு நன்றாக விளைந்தது. மறுவருஷம் தெருவே கூப்பிட்டது. அப்புறம் பூலாம்பாடியிலிருந்தெல்லாம் சைக்கிளில் வந்து, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி உன்னைப் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். கேட்டால், "எனக்கென்னடா தெரியும், கூப்புடுறாங்க, போறேன்" என்பாய். அந்த அடக்கம்தான் எனக்கு எரிச்சல். நீ பீற்றிக்கொண்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

என் காட்டுக்கும் நீதான். ஏர் என்னுடையது, மாடு என்னுடையது, எரு அடித்தவன் நான். நீ வந்து ஒரு பிடி வீசிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போவாய். மாசியில் செடி பிடுங்கும்போது வருகிறவன் போகிறவன் எல்லாம் உன் பேரைச் சொல்வான். ஒரு வருஷமாவது என் காட்டில் என் கை முதலில் விழ வேண்டும், அது செழிக்க வேண்டும், அதை நீ வரப்பில் நின்று பார்க்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

எழுபத்தொன்பதோ எண்பதோ, விதைப்பு நேரத்தில் வண்டியிலிருந்து விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டாய். மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள். உன்னைப் பார்க்க வந்தபோது முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"பாவம் மச்சான், இந்த வருஷம் வெதைப்புக்கு வர முடியாதே."

"பல்லு தெரியுதுடா. மூடிக்க."

வீட்டுக்கு வந்து, நாளைக்கு நானே போடுகிறேன் என்றேன். என் வீட்டுக்காரி விதைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே உன் வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடிவந்தேன்.

"அண்ணே, சும்மா தொட்டாவது குடுங்க."

"கைதான தங்கச்சி ஒடஞ்சிருக்கு? காலு நல்லாத்தான இருக்கு. தரையில கொட்டு."

மல்லியை முழுசாகப் போட்டால் ஒழுங்காக முளைக்காது. ஒவ்வொரு மணியும் இரண்டாகப் பிளக்கும்படி தேய்த்துத்தான் விதைக்க வேண்டும். பலமாகத் தேய்த்தாலோ நொறுங்கிவிடும். நீ கட்டுப்போட்ட கையோடு நின்றபடி, ஒரு பலகைத் துண்டைக் காலால் அழுத்தி அத்தனை விதையையும் பதமாக உடைத்துக் கொடுத்தாய். "போய்ப் போடு மச்சான், இந்த வருஷம் ஒன் ராஜ்யம்" என்று கண்ணடித்தாய்.

மறுநாள் முதல் பிடியும் நான்தான், கடைசிப் பிடியும் நான்தான். முளைத்தது பார், பாய் விரித்த மாதிரி! வெள்ளைப் பூவாகக் காடு நின்றபோது மீசையைத் தடவிக்கொண்டு வரப்பில் நின்றேன். பக்கத்துக் காட்டுக் கிழவர் வந்து பார்த்தார்.

"கைராசிதான் கேள்விப்பட்டிருக்கேன். அந்தப் பயலுக்குக் காலுலயும் ராசி இருக்குப்பா!"

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ விஷயத்தைக் கேட்டு, கட்டுப் பிரித்த கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

போன ஐப்பசியில் உன் வீட்டுக்காரி விதைக் கூடையோடு என் வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, எங்க காட்டுக்கு மொதப் பிடி நீங்கதான் போடணும்" என்றாள். கண் கலங்கிவிடுமோ என்று பயந்து, "என் கையா? அதோட ராசி ஊருக்கே தெரியுமேம்மா" என்றேன்.

"ராசிக்காக இல்லண்ணே. நீங்கதான அவரு கூடவே நடந்தீங்க. அவரு போடுறது ஒங்களுக்குத்தான் தெரியும்."

போனேன். என் இஷ்டத்துக்குத்தான் வீசுவேன் என்று பிடிவாதமாகக் கையை ஓங்கினேன். கை கேட்கவில்லை. உன்னைப் போலவே தாழ்வாக, மணிக்கட்டைத் திருப்பி வீசியது. இத்தனை வருஷம் பொறாமையோடு உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு வேறு எப்படி வரும்?

இப்போது உன் காடு பூத்து நிற்கிறது. "செத்தும் அவந்தான்யா வந்து போட்டிருக்கான்" என்கிறார்கள். போன பிறகும் விடமாட்டாயா மச்சான்? அடுத்த விதைப்புக்கு இன்னும் சில வீடுகளில் என்னைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். போகத்தான் போகிறேன். பேர் உனக்கு, இடுப்புவலி எனக்கு.