இறங்கும் என்று நீ சொன்ன எண்

அண்ணா,

சர்க்கரை பார்க்க இன்று காலை கேம்ப் ரோடு லேபுக்குப் போயிருந்தேன். ஊசி குத்திய இடத்தில் அந்தப் பெண் ஸ்பிரிட் பஞ்சை அழுத்தினாள். அந்த வாசனை வந்ததும் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். வேறு யாரோ உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் அந்த நாற்காலிதான் உனக்குப் பிடிக்கும். புராஸ்டேட் புற்றுநோய் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கும் பி.எஸ்.ஏ. டெஸ்டுக்கு வெறும் வயிறு வேண்டாம் என்று அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் சொல்வாள். நீ கேட்டால்தானே! "ரத்தம் குடுக்கறதுன்னா பட்டினியாத்தான் வரணும்மா" என்று காபிகூடக் குடிக்காமல் வந்து நிற்பாய். ரத்தம் கொடுத்த கையோடு, முடிவு எவ்வளவு வரும் என்று நீ ஒரு எண் சொல்வாய், நான் ஒன்று சொல்வேன். பிறகு எதிர்க்கடையில் மசால் வடை. கணிப்பில் தோற்றவர் அடுத்த முறை வாங்க வேண்டும். அண்ணி போன பிறகு உன் கூட வர நான்தானே இருந்தேன்.

புராஸ்டேட்டுக்குள் அரிசி மணி அளவில் கதிர்வீச்சு விதைகளை வைத்து அனுப்பியபோதே டாக்டர் சொன்னார். "நம்பர் மெதுவா இறங்கும் சார். நடுவுல ஒரு தடவை ஏறிக்கூடக் காட்டலாம். பயந்துடாதீங்க." இறங்கிக்கொண்டிருந்தவரை அந்தப் பேச்சை நாம் மறந்தே போனோம். ஏறிய அன்றும் நினைவுக்கு வரவில்லை. "திரும்பிடுச்சும்மா" என்று நீ முடிவே கட்டிவிட்டாய். டாக்டரிடம் ஓடினோம். "இது அந்த ஏத்தமா, நோயான்னு இன்னிக்கே சொல்ல முடியாது. அடுத்த டெஸ்ட் வரைக்கும் பொறுங்க சார்" என்றார்.

பொறுப்பதா, நீயா? மறுநாளே அஸ்தினாபுரத்திலிருந்து ஸ்கூட்டரை ஓட்டி வந்து என் வாசலில் நிறுத்தினாய். "எனக்கு இனிமே எதுக்கு? உன் பையன் ஆபீஸுக்கு ஓட்டட்டும்" என்று சாவியை நீட்டினாய். எனக்கு வந்ததே கோபம்! "விதை போட்டுட்டு தினம் தோண்டிப் பாத்தா வெளங்குமா?" என்று கத்தினேன். நீ சாவியை என் கையில் திணித்துவிட்டு பஸ் ஏறிப் போனாய். அன்று நான் அழுத அழுகை உனக்குத் தெரியாது.

அடுத்த டெஸ்டுக்கு முதல் நாள் நீயாகவே வந்தாய்.

"சாவியக் குடு. நாளைக்கு வண்டியிலயே வந்துடறேன்."

"என்னண்ணா திடீர்னு?"

"இறங்கும்னு தோணுது. அவ்ளோதான்."

மறுநாள் லேபில் ஒன்றுக்கும் கீழே ஒரு எண் சொன்னாய். நான் பயத்தில் பெரிதாகச் சொல்லித் தொலைத்தேன். "கூடப் பொறந்தவ சொல்ற நம்பரா இது?" என்று முறைத்தாய். வடை தின்றுவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சிரித்தபடி கிளம்பினாய்.

அன்று சாயங்காலம் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தபோது என் போனுக்கு ரிசல்ட் வந்தது. ஒன்றுக்கும் கீழே. நீ சொன்ன எண்ணுக்கு ரொம்பக் கிட்டே. உன் காதருகே குனிந்து, "இறங்கிடுச்சுண்ணா" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் துக்கத்தில் பிதற்றுகிறேன் என்று என்னைப் பிடித்து இழுத்தார்கள். ஜெயித்தது தெரியாமலே போய்விட்டாயே என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஸ்கூட்டரைப் பையன் ஓட்டுகிறான். ஆனால் யார் கேட்டாலும் "மாமா வண்டி" என்றுதான் சொல்கிறான்.

இன்று எதிர்க்கடையில் இரண்டு வடை வாங்கினேன். போன முறை தோற்றவள் நான்தானே. சர்க்கரை எவ்வளவு வரும் என்று ஓர் எண்ணை வாய்விட்டுச் சொன்னேன். பயந்த எண்ணை அல்ல, வரவேண்டிய எண்ணை. பிறகு உன் வடையையும் நானே தின்றேன்.