என் மூக்கை உடைத்த கை

அங்கிள்,

இன்று காலை கோல சிலாங்கூரில் ஒரு நகைக்கடைக்கு மூக்குத்தி மாற்றப் போனேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, எலும்பே கோணலா இருக்கு லா. என்னாச்சு?" என்றார். "மோட்டர்சைக்கிள்ல விழுந்துட்டேன்ணே" என்றேன். ஆறு வருடமாக எல்லோரிடமும் சொல்லும் அதே பொய். வீட்டுக்கு வந்ததும், வெட்கங்கெட்டவளே என்று என்னையே திட்டிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

உடைத்தது நீங்கள். அது உங்களுக்குத் தெரியும். மிச்சம் தெரியாமலே போய்விட்டீர்கள்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. சனி, ஞாயிறுகளில் மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் தொண்டூழியம். போர்வை மடிப்பேன், தண்ணீர் கொடுப்பேன், முடியாதவர்களுக்கு ஊட்டுவேன். சேவை மனமெல்லாம் பெரிதாகக் கிடையாது. தாதியர் படிப்பு நேர்காணலுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டியிருந்தது. வார்டுத் தாதியை மிஸ்ஸி என்றுதானே கூப்பிடுவோம், அந்த மிஸ்ஸி முதல் நாளே விரலை நீட்டிச் சொல்லிவிட்டார்: "கட்டிப்போட்ட பேஷண்டோட கட்டுல கை வச்சே, அன்னிக்கே வீட்டுக்குப் போயிடு."

நீங்கள் செம்பனைத் தோட்டத்தில் அரிவாள் கட்டிய நீளக் கம்பியால் உயரத்துக் குலைகளை வெட்டியவர். சம்சு குடித்துக் குடித்து ஈரல் போய் வந்து சேர்ந்தீர்கள். குடி சட்டென்று நின்றதும் உடம்பு வெறிபிடித்து ஆடியது. அதனால் இரண்டு மணிக்கட்டையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். நான் குழைந்த சோற்றைக் கரண்டியில் அள்ளி நீட்டினேன். என் முகத்திலேயே துப்பினீர்கள்.

"கரண்டியில திங்க நான் என்னா பச்சப்புள்ளயா? கைய அவுத்து விடு. கையால தின்னாத்தான் எனக்குச் சோறு எறங்கும்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் என் அப்பாவும் கரண்டியைத் தொடமாட்டார். மிஸ்ஸி மருந்து எடுக்கப் போயிருந்தார். வலது கை முடிச்சை அவிழ்த்தேன்.

நான்கு வாய் சாப்பிட்டீர்கள். பிசைந்து, உருட்டி, ஒரு பருக்கை சிந்தாமல். "இப்பதான் சோறு மாரி இருக்கு பாப்பா" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன், மடச்சி.

ஐந்தாவது வாய்க்குக் கை போகவில்லை. கண் கூரைக்குப் போனது. "குலை விழுது! தள்ளு!" என்று அலறித் தட்டாலேயே என் முகத்தில் அறைந்தீர்கள். எலும்பு முறிந்த சத்தம் என் தலைக்குள் கேட்டது. இடது கைக் கட்டைப் பிய்த்து எறிந்து, மருந்து தொங்கிய இரும்புக் கம்பியைத் தூக்கி, குலை வெட்டுகிற மாதிரியே கூரை விசிறியைக் குத்தினீர்கள். கம்பி சறுக்கிப் பக்கத்துக் கட்டில் கிழவரின் முழங்காலில் இறங்கியது. ஓடிவந்த மிஸ்ஸியை வயிற்றில் உதைத்தீர்கள். காவலர்கள் இருவர் உங்கள் மார்பில் முழங்காலை ஊன்றி அழுத்தியதில் உங்கள் முன்பல்லும் போயிற்று. தரையெல்லாம் சோறும் ரத்தமும்.

என் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டே மிஸ்ஸி கேட்டார். "ரெண்டு கைக் கட்டையும் அவரே பிச்சுக்கிட்டாரா?"

தலையாட்டினேன். சான்றிதழ் போய்விடும் என்ற பயம். அவ்வளவுதான் அங்கிள், ஒரு தலையாட்டல்.

மறுநாள் நீங்கள் தெளிந்துவிட்டீர்கள். ஆனால் கட்டையே பிய்த்த ஆள் என்று எழுதியாகிவிட்டது. கை இரண்டு, கால் இரண்டு, நான்கு கட்டு. தளர்த்த ஒருவருக்கும் துணிவில்லை. என் முகத்துப் பிளாஸ்திரியைப் பார்த்ததும் அழுதீர்கள்.

"நானே பிச்சுக்கிட்டு வந்து அடிச்சேனாமே? ஒண்ணும் ஞாபகம் இல்ல பாப்பா. பொட்டப்புள்ள மொகத்துல கை வச்சுட்டேனே, பாவி. மன்னிச்சிரும்மா."

கும்பிடப் பார்த்தீர்கள். கைகள் சேரவில்லை. கட்டிலின் இரண்டு பக்கமும் விரல்கள் மட்டும் எழுந்து நின்றன.

"பரவால்ல அங்கிள்" என்றேன். உங்களை நான் மன்னித்தேனாம்! த்தூ.

அன்றைக்கு நீங்கள் துப்பவில்லை. கரண்டியில் நீட்டியதையெல்லாம் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டீர்கள். அடுத்த சனிக்கிழமை நான் வந்தபோது கட்டில் காலி. செவ்வாய்க்கிழமை ரத்தமாகக் கக்கி இறந்துபோனீர்களாம். "கடைசி வரைக்கும் கட்டு அவுக்கலயா மிஸ்ஸி?" என்று கேட்டேன். "எப்படிம்மா அவுக்கிறது? பிச்சுக்கிட்டு வந்த ஆளாச்சே" என்றார்.

சான்றிதழ் கிடைத்தது. இப்போது வேறொரு மருத்துவமனையில் நானும் மிஸ்ஸிதான். கட்டச் சொன்னால் கட்டுகிறேன். தெளிந்தவர் என்றால் டாக்டரிடம் கேட்டு, சாப்பாட்டு நேரத்தில் வலது கையை அவிழ்த்துவிட்டு, காவலரையும் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறேன். அவர்கள் பிசைந்து உருட்டும்போது என்னால் பார்க்க முடிவதில்லை.

நம் மிஸ்ஸி வேலையை விட்டுவிட்டுப் புஞ்சாக் ஆலாமில் மகள் வீட்டில் இருக்கிறார். இதை முடித்ததும் அங்கேதான் போகிறேன். அந்த அங்கிள் தானாகப் பிய்த்துக்கொண்டு வரவில்லை, வலது கைக் கட்டை நான்தான் அவிழ்த்துவிட்டேன் என்று சொல்லப்போகிறேன்.

அன்றைக்குக் கும்பிட்டிருக்க வேண்டியவள் நான், அங்கிள். என் கைகளை யாரும் கட்டியிருக்கவில்லை.