மகளின் விளையாட்டுக்கு ஒரு வரி

ஜனவரி 6, செவ்வாய்

கடும் பனி. எட்டு மணி வரை திருச்செங்கோட்டு மலை தெரியவில்லை. குழாய் வாஷர் மாற்றியாயிற்று.

மகள் மதி செய்த கம்ப்யூட்டர் விளையாட்டு சனிக்கிழமை சென்னைக் கண்காட்சிக்குப் போகிறது. மேசையில் வைக்கும் அட்டைக்குத் தமிழில் ஒரே ஒரு வரி வேண்டும். என்னிடம் கேட்கிறாள். கோவையில் வைத்தபோது வந்தவர்கள் எல்லாம் "இதுல எப்படி ஜெயிக்கறதுங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்களாம்.

"சென்னைலயும் அப்படியேன்னா, இத மூடி வெச்சுட்டு எங்காச்சும் வேலைக்குப் போயிடறேனுங்ப்பா."

சொல்லிவிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருட உழைப்பு. நானோ ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன். இதற்கு லாயக்கா? சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 7, புதன்

முழுதும் ஆடிப் பார்த்தேன். குறிப்பு:

விடியுமுன் ஒரு செம்மண் மானாவாரிக் காடு. நாம் என்பது ஓர் உள்ளங்கை. அதன்மேல் படுக்கவைத்த தேங்காய். நிலத்தடி நீரோட்டம் பார்த்து நடக்க வேண்டும்; அடியில் தண்ணீர் இருந்தால் தேங்காய் எழும் என்பது நம்பிக்கை. மண்கட்டி மிதிபடும் ஒலி, எங்கோ தறிச் சத்தம். சில இடங்களில் தேங்காய் மெல்ல எழுந்து நிற்கிறது. அங்கேயே திரும்பி வந்தால் எழுவதில்லை. எவ்வளவு நேரமும் நடக்கலாம். போர்வெல் ஒன்றுதான் போடலாம். போட்டால் துளைபோடும் ரிக் வண்டி வரும், கம்பி இறங்கும், வெள்ளைப் புழுதி எழுந்து திரையை மூடும். முடிந்தது. தண்ணீர் வந்ததா? சொல்வதில்லை.

என்ன துணிச்சல் இந்தப் பெண்ணுக்கு! விடை தெரியாத கணக்கை நான் ஒருநாளும் கரும்பலகையில் தொடங்கியதில்லை. தேங்காய் எழுவதை நம்புகிறவனும் அல்ல. ஆனாலும் அது எழும்போது மூச்சு விடவில்லை. எழுவதில் ஒரு தயக்கம் வைத்திருக்கிறாள், பார்க்க வேண்டும்.

எழுதியது: 'நிலத்தடி நீர்த் தேடலை அடிப்படையாகக் கொண்ட, வெற்றி தோல்வியற்ற, கலைநோக்குள்ள ஒலி-ஒளி அனுபவம்.'

மதி படித்தாள். "அப்பா, டெண்டர் நோட்டீஸ் மாதிரி இருக்குதுங்க."

உண்மைதான்.

ஜனவரி 8, வியாழன்

பல் வலி. கிராம்பு.

இன்றைய வரி: 'எதிரி இல்லை, மதிப்பெண் இல்லை, முடிவும் இல்லை.' ம.: "இல்லை இல்லைன்னா, அப்புறம் என்னதான் இருக்குதும்பாங்க." வரியை அடித்துவிட்டேன். 'விளையாட்டு அல்லாத விளையாட்டு.' கெட்டிக்காரத்தனம். இதையும் அடித்தேன்.

மாலை மச்சினன் துரைசாமி. சொந்த ரிக் வண்டி வைத்திருப்பவர். ஆடச் சொன்னோம். நாலு எட்டு நடந்ததும் போர் போட்டுவிட்டார்.

"ஏனுங் மச்சான், எத்தன அடில தண்ணின்னு சொல்லாமயே போயிட்டாளே உங்க புள்ள! நெசத்துல இப்படிப் பண்ணுனா பார்ட்டி நம்ம வண்டிய மடக்கிப் போட்ருவான்."

இவ்வளவு கேலி பேசியவர், புழுதி எழுந்தபோது துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். திரை வெள்ளையாகி வெகுநேரம் பொத்தியபடியே இருந்தார். தானே கவனிக்கவில்லை. இதை எப்படி ஒரு வரியில் எழுதுவது?

ஜனவரி 9, வெள்ளி

அட்டை மாலைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். இரவு பஸ்ஸுக்கு ம. கிளம்புகிறாள். காலை முழுதும் ஒன்றும் வரவில்லை. அவளிடம் முடியாது என்று சொல்லிவிடலாமா என்று இருமுறை எழுந்தேன்.

மதியம் மனைவி சரோஜா ஆட உட்கார்ந்தாள். சர்க்கரை இருப்பதால் வீட்டுக்குள்ளும் செருப்பு போட்டிருப்பவள். உட்கார்ந்ததும் இரண்டையும் கழற்றி ஓரமாகத் தள்ளினாள்.

"ஏன் கழட்டறே?"

"நீரோட்டம் பாக்கறவங்க செருப்பு போட்டுட்டா நடப்பாங்க? டாக்டரு கேட்டா நீங்களே சொல்லிக்கோங்."

வெகுநேரம் நடந்தாள். போர் போடவே இல்லை.

"போடலியா?"

"எதுக்குங்? நடக்கறதே நல்லாருக்குது."

உடனே எழுதினேன். 'செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள், நீரோட்டம் பார்க்கலாம்.'

ம. இரண்டு முறை படித்தாள். "விளையாட்டுன்னே போடலீங்களே?"

"போடணுமா சாமி?"

யோசித்தாள். "வேண்டாமுங்ப்பா."

அச்சுக்கு அனுப்பியாயிற்று. பிறகுதான் பயம். அட்டையைப் படிப்பவரெல்லாம் கோயில் என்று நினைத்துவிட்டால்?

ஜனவரி 11, ஞாயிறு

நேற்று முழுதும் போன் இல்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவள் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும்.

இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு படம். எழுத்து ஒன்றும் இல்லை. மேசை, கம்ப்யூட்டர், முன்னால் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு பெண்ணின் முதுகு. அவளுக்குப் பின்னால் நிற்பவர்கள். தரையில் செருப்புகள், ஷூக்கள், தாறுமாறாக. ஒரு ஷூவுக்குள் யாரோ சாக்ஸைச் சுருட்டிச் செருகியிருக்கிறார்கள். சரோஜா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.