பெனிட்டாவின் பன்னிரண்டு பாட்டில்கள்

பசுமலை
ஞாயிறு மாலை

அன்பு மகள் ஐரினுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நாங்கள் இங்கே குறைவில்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். போன கடிதம் தலைகால் புரியாமல் இருந்தது என்று நீ சொன்னதால் இந்த முறை எழுதப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. என் உடம்பு.
2. ஸ்டீபன் வீட்டுச் செய்தி.
3. உன் மகள் பெனிட்டா சேர்ந்திருக்கும் ஆராய்ச்சித் திட்டம் என்னும் கூத்து.
4. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியரின் யோக்கியதை.
5. நீ கையெழுத்துப் போட வேண்டிய விலகல் கடிதம்.

சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முழங்கால் வலி மழைக்கு மட்டும் வருகிறது. உன் தம்பி ஸ்டீபன் திருமங்கலத்தில் வீடு மாறிவிட்டான், பஸ் சத்தத்தில் தூக்கமில்லை என்கிறான், ஹைவே ஓரம் வீடு பார்க்காதே என்று நான் முன்பே சொன்னேனா இல்லையா என்பது எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது. இன்று இரவு சாப்பிட வருவான், அவன்தான் இந்தக் கடிதத்தைப் படமெடுத்து உனக்கு அனுப்புவான்.

இனி மூன்றாவது. இளநிலை மாணவர்கள் பேராசிரியருக்குக் கீழே ஆராய்ச்சி செய்ய எங்கிருந்தோ நிதி வந்திருக்கிறதாம், மாணவருக்கு மாதாமாதம் ஊக்கத்தொகை உண்டாம். பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு என்ன ஆராய்ச்சி? திரவம் அளக்கும் பிப்பெட்டையே இவளுக்கு இன்னும் நேராகப் பிடிக்கத் தெரியாது. தொடக்க விழாவுக்குப் போயிருந்தேன். வாசலில் ஃப்ளெக்ஸ், அதில் ஆள் உயரத்துக்குப் பேராசிரியர் துளசிராம், அவர் காலடியில் ஸ்டாம்பு அளவில் பிள்ளைகள். ஒன்பது பேருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். விஞ்ஞானம் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான், பாதியிலேயே எழுந்து வந்திருக்க வேண்டும். எழுந்து வரத்தான் தைரியம் இல்லை, கேசரி சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆராய்ச்சி என்பது இதுதான். சனிக்கிழமைதோறும் இவள் மாட்டுத்தாவணி போய் அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துத் திருவாதவூர் போகிறாள், அடிபம்புகளில் பன்னிரண்டு பாட்டில் தண்ணீர் பிடிக்கிறாள், பல்லில் கறை ஏற்றுகிற ஃப்ளோரைடு அதில் எவ்வளவு என்று திங்கட்கிழமை கல்லூரியில் அளக்கிறாள். வாரக்கடைசியில் ஆய்வகத்தைப் பூட்டிவிடுவதால் அதுவரை பாட்டில்கள் நம் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கும், தயிருக்கு இடமில்லை. அந்த ஊர் அம்மாள் ஒச்சாயி, எம்புட்டுத் தண்ணியக் கொண்டுபோனாலும் எங்க பிள்ளைக பல்லுக் கறை போகுமாத்தா என்று கேட்டாளாம். துளசிராமின் மொத்தத் திட்டத்தையும் விட அந்தக் கேள்வியில் அறிவு அதிகம்.

நான்காவதுதான் முக்கியம். போன திங்கட்கிழமை இவள் எடுத்த முதல் அளவுகள் எல்லாமே அவர் முன்பு எடுத்ததைவிடக் கால் பங்கு குறைவாக வந்தன. குறைந்தால் நல்லதுதானே, ஊர்ப் பிள்ளைகளுக்கு நல்ல தண்ணீர். ஆனால் எண் பெரிதாக இருந்தால்தானே கட்டுரை அச்சாகும், பெயர் வரும். அவர் எல்லார் முன்னிலும் இவளைக் கேட்டாராம், "ஊருக்குப் போனியா, இல்ல வீட்டுக் குழாயில பிடிச்சியாம்மா?" பன்னிரண்டிலும் ஒரே மாதிரி குறையாது, எங்கேயோ தண்ணீர் கலந்திருக்கிறது, இன்னொரு தடவை பிடித்து வா, அதுவும் இப்படியே இருந்தால் உன் இடம் வரிசையில் நிற்கிற ரம்யாஸ்ரீக்கு என்றிருக்கிறார். பொய்யே சொல்லத் தெரியாத பிள்ளை, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தனக்குப் பிடித்த எண் வரும்வரை குழந்தையை அலையவிடுகிற மனுஷனுக்கு வழிகாட்டி என்று பெயர். நேரில் கேட்டுவிடுவது என்று வியாழக்கிழமை கிளம்பிப் போனேன். வாட்ச்மேன் யாரைப் பார்க்கணும் ஐயா என்று கேட்டான், பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஆகவே ஐந்தாவது. பெற்றோர் சம்மதத்தோடு விலகுவதாக ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், நீ கையெழுத்துப் போட்டு

ஐரின், இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன், இப்போது ஒரு மணி நேரம் கழித்து எழுதுகிறேன். பெனிட்டா ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்தபடி என்னைக் கூப்பிட்டாள். நேற்று மறுபடி பிடித்து வந்த பாட்டில்களில் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மார்க்கரால் கோடு போட்டிருந்தாளாம், துளசிராம் போடச் சொன்னாராம். "தாத்தா, நான் கோடு வரைக்கும்தான பிடிச்சேன், தண்ணி எப்படி மேல ஏறுச்சு?"

நான்தான் ஊற்றினேன். போன வாரமும் நான்தான். எங்கள் பள்ளியில் ஆண்டாய்வுக்கு அதிகாரி வருமுன் ஆய்வக அலமாரியில் இருக்கும் பாட்டில்களையெல்லாம் கழுத்துவரை தண்ணீர் ஊற்றி நிரப்பி வைப்போம், பார்க்க லட்சணமாக இருக்கும், ஒரு அதிகாரியும் திறந்து பார்த்ததில்லை. முக்கால் பாட்டிலாக நிற்பதைப் பார்த்ததும், பிள்ளை அவசரத்தில் குறைவாகப் பிடித்துவிட்டாள், அந்த ஆள் திட்டுவான் என்று கேன் தண்ணீரால் நிரப்பி வைத்தேன். இந்த முறை கோட்டையும் பார்த்தேன், லேபிள் ஒட்டும் இடம் என்று நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டையும் ஒரே மாதிரி நிரப்பியிருக்கிறேன், எதையும் முறையாகச் செய்கிறவன் அல்லவா.

பயந்துகொண்டேதான் சொன்னேன். அவள் கத்தவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கோட்டுக்கு மேல் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒவ்வொரு பாட்டிலாக ஸ்கேல் வைத்துப் பார்த்தாள். பிறகு, "நான் சொன்னா சார் நம்ப மாட்டாரு தாத்தா, நீங்களே வந்து சொல்லுங்க" என்றாள். வாரேன் என்று சொல்லிவிட்டேன். நாளை காலை ஒன்பது மணிக்குப் போகிறோம், வாட்ச்மேன் கேட்டால் சொல்லவேண்டியதை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அவர் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தால் அடுத்த சனிக்கிழமை இவளோடு நானும் திருவாதவூர் போவேன், பையைத் தூக்க மட்டும்.

வெயிலில் தண்ணீர் நிறையக் குடி, இரவு டியூட்டி முடிந்ததும் சாப்பிடாமல் படுக்காதே. கர்த்தர் உங்கள் இருவரையும் தமது செட்டைகளின் நிழலில் வைத்துக் காப்பாராக. விலகல் கடிதத்தைக் கிழித்துவிட்டேன், இந்தக் கடிதத்தைக் கிழிக்க மனமில்லை. ஃப்ளெக்ஸைப் பற்றியும் பொன்னாடையைப் பற்றியும் எழுதியதில் மாற்றமில்லை. நான்காவதாக எழுதியதுதான் தவறு.

உன் அப்பா
செ. ஆசீர்வாதம்