பிரேக்கில் புகுந்த காற்று

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா? மாமாவும் அத்தையும் என்னை நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். கவலைப்படாதே.

கீழே மாமாவின் பட்டறைக்கு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வந்திருக்கிறது. பின்பக்க சஸ்பென்ஷனைக் கழற்றிப் புது ஸ்பிரிங் போட்டார். இன்று மாலை பிரேக் வேலை. உதவியாள் வராததால் என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார். நான் பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். அவர் அடியில் படுத்துச் சக்கரத்தருகே திருகைத் தளர்த்தி, பிரேக் ஆயிலோடு குழாயில் சிக்கிய காற்றையும் வெளியேற்றுவார்.

"உங்கம்மா மாதிரி பிடிவாதமா மிதி. நான் சொல்றதுக்கு முன்னாடி காலை எடுத்தே, காத்து உள்ள போயிடும். அப்புறம் பிரேக் பிடிக்காது" என்றார்.

கடைசிச் சக்கரத்தில் என் கால் வழுக்கிவிட்டது, அம்மா.

"மிதிச்சிருக்கியா?"

"மிதிச்சிருக்கேன் மாமா."

அவர் நம்பித் திருகை இறுக்கிவிட்டார். பிறகு நான் மிதித்தபோது பெடல் பஞ்சுபோல் அமுங்கியது. திட்டி ஊருக்கு அனுப்பிவிடுவாரோ என்று அதையும் சொல்லவில்லை.

விடிந்ததும் சரிவுச் சாலையில் ஓட்டிப் பார்க்கப் போகிறார். அவருடைய ஐந்து வயது மகளும் கூடப் போகிறாள். "முன்சீட்டு எனக்குத்தான்!" என்று சொல்லிக்கொண்டே தூங்கினாள்.

தூக்கம் வராமல் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். உன் பழைய ஸ்வெட்டரை அனுப்பு. துவைக்காமல் அனுப்பு.

பட்டறைக் கதவை இழுக்கும் சத்தம் கேட்கிறது. இன்னும் விடியவே இல்லை. பக்கத்துப் படுக்கையில் அவளைக் காணோம். நான் கீழே ஓடுகிறேன், அம்மா.

உன் மகள்