டொக்டர் கீறிய படம்

ஒக்லாந்து,
14.07.1996

அன்பின் சறோஜினிக்கு,

நீரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும். எனக்கு வயிறு பத்து நாள் குழம்பி இப்போது சுகம், பயப்படாதேயும்.

என்னோடு கிடங்கில் பெட்டி கட்டும் லியாங், சீனாவில் வைத்தியராயிருந்தவர், வேர்கள் அவித்துத் தந்தார். வயிற்று வருத்தம் குறையவில்லை. குடலிலுள்ள பக்டீரியா உடைத்துக் கொடுத்தால்தான் அந்த மருந்து உடம்பில் சேரும். முதலில் இங்குள்ள டொக்டர் தந்த அன்டிபயோட்டிக் அவற்றையும் கொன்றுவிட்டது. அங்கே கம்பஸில் ஒன்பது வருடம் நான் படிப்பித்த பாடம்.

திரும்பப் போனபோது டொக்டரிடம் அதைச் சொல்ல வாயெடுத்தேன். "என்ன வேலை?" என்றார். "பெட்டி கட்டுறன்" என்றேன். உடனே பேனையை எடுத்து, தாளில் குடலொன்று கீறி, பக்டீரியா என்றால் என்னவென்று விளக்கத் தொடங்கிவிட்டார். முடியும்வரை "ஓம், ஓம்" என்று தலையாட்டினேன்.

தயிருக்கு உறை ஊற்றும் பக்குவத்தை எழுதும். இந்தக் குளிரில் எனக்கு உறையவே இல்லை.

தேநீர் நேரம் முடிகிறது. நான் இங்கும் படிப்பிக்கிறேன் என்றே பிள்ளைகள் நினைத்திருக்கட்டும்.

உமது,
திருவருட்செல்வம்